நிமிர்ந்து நின்று ஒரு பாட்டு

1984 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, குடிநீர் வாரிய அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் ஊழியர் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. மைக் ஒன்றுதான் இருந்தது.

அதன் முன் நின்று படகுப் பாட்டைப் பாடிய இருவரும் மறு ஆண்டே கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் குழாய்ப் பாதைகளுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஆறடிக்கு மேல் உயரம். அவள் தபால் பிரிவு. அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் உயரத்துக்குத்தான் வருவாள். பாட்டை எழுதியவர் அலுவலகத் தட்டச்சர். அந்தக் கட்டடத்துக்கு வெளியே அந்தப் பாட்டு யாருக்கும் தெரியாது.

இப்போது கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன் பழைய ஆட்கள் ஒரு நாள் கூடுவது, அதே கூடத்தில் அதே ஜோடி அதே பாட்டைப் பாடுவது என்று ஏற்பாடு. ஒத்திகையில்தான் தெரிந்தது, இரண்டாம் சரணத்தின் நீண்ட வரியில் அவருக்குப் பாதியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது என்று.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "குழாயத் திறந்தா வெறும் காத்து வருமே, அந்த மாதிரி இருக்கு."

"ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்."

"ஆகலைன்னா சொல்லுங்க. கம்பத்தைக் கேட்டுக்கலாம்."

கம்பம் என்பது கணக்கு அதிகாரியாக இருந்தவருக்கு அலுவலகமே வைத்த பெயர். இன்றைக்கும் வளையாத முதுகு. அந்தக் காலத்தில் அதே பாட்டுக்கு அவரும் போட்டியிட்டார். குரல் தேர்வு நடந்த அன்று அவரை விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். இவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே போட்டி அது. பதவி உயர்வு கிடைக்காதபோதும், வீட்டுக் கடனுக்கு அலைந்தபோதும், தன் குரலுக்கு ஒருத்தி மயங்கினாள் என்ற நினைப்பு ஒன்று உள்ளே இருந்து தாங்கியது. கம்பத்தைக் கேட்கலாம் என்று அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மகள் எலும்பு, தசை நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருபவள். அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி இருக்குப்பா. முதுகு கேள்விக்குறி மாதிரி. விலா எலும்பு விரிய இடமே இல்ல, மூச்சு எங்க போகும்?"

முப்பது வருஷம் வரைபடப் பலகை மேல் கவிழ்ந்து கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்று அவர் சொன்னார். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி தினமும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், முழங்காலை விறைக்கக் கூடாது, மூச்சு தோளைத் தூக்காமல் வயிற்றை நிரப்ப வேண்டும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். அவசரப்படக் கூடாது என்றும் சொன்னாள். அதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

வீட்டுக் கூடத்துச் சுவரில் நின்று மூச்சிழுத்த முதல் நாளே தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரம் ஆணியோடு கீழே வந்தது. சுவரை விட்டு நகர்ந்தால் முதுகு பழையபடி வளைந்தது. நடக்கும்போதும் கூடவே வரக்கூடிய ஒரு சுவர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பரணிலிருந்து தன் டி-ஸ்கொயரை இறக்கினார். நீளக் கோடு இழுக்கும் மரச்சட்டம். ஒரு முனையில் குறுக்குக் கட்டை. கட்டை தோளுக்கும் சட்டம் முதுகுத்தண்டுக்கும் பொருந்தின. பள்ளிப்பையைப் போல நாடாவால் தோள்வழியே கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டார். முடிச்சு இடுப்புக்குப் பின்னால் விழுந்ததால் கை எட்டவில்லை. தினமும் காலையில் மனைவிதான் போட்டுவிட்டாள்.

"இறுக்கு."

"இதுக்கு மேல இறுக்கினா உங்கள ஆணியிலதான் மாட்டணும்."

சட்டையை ஹேங்கரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டவர் போலத் தெருவில் நடந்தார். தெருக்காரர்கள் வணக்கம் சொன்னால் தலை அசையவில்லை. ஓய்வுபெற்ற பிறகு மனுஷனுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று மாடிவீட்டில் பேசிக்கொண்டார்கள். சாவி கீழே விழுந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் வரும்வரை அதன் அருகிலேயே நின்றார். தரை கண்ணில் படாததால், பாயில் கழற்றி வைத்திருந்த மனைவியின் மூக்குக்கண்ணாடியை மிதித்தார். அவள் துண்டுகளைப் பொறுக்கினாள்.

ஒரு நாள் மழையில் இருவரும் கடைக்குப் போனார்கள். குடை அவர் கையில். முப்பத்தைந்து வருஷமாக அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வந்த குடை, இப்போது அவர் தலைக்கு மேல் நிமிர்ந்து வந்தது. வீடு திரும்பியபோது அவர் காய்ந்திருந்தார். அவள் சேலையைப் பிழிந்தாள். அடுத்த மழைக்கு அவள் தனிக்குடை எடுத்துக்கொண்டாள்.

பேச்சும் குறைந்தது. அவள் ஏதாவது சொன்னால் அவருக்குப் பாதிதான் எட்டியது. திருப்பிக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு மாலை மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசினாள்.

"ரெண்டு மாசமா நான் உங்க மோவாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். முகம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

"வரி முழுசா வருது, கேட்டியா?"

கேட்டேன் என்றாள். உண்மையாகவே வந்தது. வயிற்றிலிருந்து எழுந்த மூச்சு அந்த நீண்ட வரியைக் கடைசி எழுத்துவரை கொண்டுபோய், ஒரு கமகத்துக்கும் மிச்சம் வைத்தது. ஆனால் அவள் முகத்தில் வெளிச்சம் இல்லை. அந்த வாரம் கம்பம் தொலைபேசியில் அழைத்து, முடியாவிட்டால் தயங்காமல் சொல்லவும், தனக்குப் பாட்டு இன்னும் மனப்பாடம் என்றார். இவர் மறுநாள் முடிச்சை இன்னும் இறுக்கச் சொன்னார்.

எல்லோரும் கூடிய நாளன்று கூடத்தில் பழைய பச்சைச் சுவர், பழைய மரநாற்காலிகள், மேசை மூலையில் யாரோ எப்போதோ செதுக்கிய பெயர். தட்டச்சர் இல்லை, அவருடைய படம் இருந்தது. ஒருவரையொருவர் தொப்பையையும் வழுக்கையையும் தாண்டி அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். அன்றைய மைக்காரரே நரைத்த மீசையோடு வந்து, சரக்கறையிலிருந்து அதே ஸ்டாண்டைத் தேடி எடுத்து நிறுத்தியிருந்தார். உயரத்தை மாற்ற முடியாது, திருகு அந்தக் காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்ததையே மறுபடி சொன்னார். மைக் அவள் மோவாய்க்கு நேராக நின்றது.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் அவளுடையது. கூடம் அசையாமல் கேட்டது. இரண்டாம் சரணத்தில் அவர் தோளைத் தூக்காமல் மூச்செடுத்து, வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாகப் பாடினார். மைக்குக்கு ஒன்றரை அடி மேலே. ஒலிபெருக்கியில் தபேலா மட்டும் வந்தது. பின்வரிசையில் காதருகே கை குவித்தார்கள். முன்வரிசையில் கம்பம் எழுந்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார்.

அவர் குனியப் பார்த்தார். டி-ஸ்கொயர் விடவில்லை. வரி நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பார்வையை மட்டும் இறக்கினார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுபோல.

"அவுத்துடு" என்றார்.

அவள் கை சட்டைக்குப் பின்னால் போனது. முடிச்சு ஒரே இழுப்பில் வந்தது. டி-ஸ்கொயர் சட்டைக்குள்ளிருந்து வழுக்கி மேடையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை மைக் விடாமல் பிடித்துக் கூடத்துக்குக் கொடுத்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் முதுகு பழைய இடத்துக்கு வளைந்து, முகம் அவள் முகத்தருகே இறங்கியது. நீண்ட வரியைப் பாடினார். பாதியில் மூச்சு நின்றது. மீதியை அவள் எடுத்துக்கொண்டாள். 1984-லும் அப்படித்தான் நடந்தது என்று சிலருக்கு நினைவு வந்து, வரி முடியுமுன்பே கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் மகள் மேடையிலிருந்து டி-ஸ்கொயரை எடுத்தாள். கீழே அப்பாவும் அம்மாவும் தலையோடு தலை சாய்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்காரரிடம், இந்தத் துருப்பிடித்த ஸ்டாண்டால் அப்பாவின் இரண்டு மாத உழைப்பு வீணாகிவிட்டதே என்று குறைப்பட்டாள்.

மைக்காரர் திருகை இரண்டு விரலால் திருப்பினார். ஸ்டாண்ட் சத்தமில்லாமல் உயர்ந்தது.

"துரு எங்கம்மா இருக்கு? குரல் தேர்வு அன்னைக்கு உங்கம்மாதான், 'என் உயரத்துல வெச்சு இறுக்கிடுங்க, யாரு குனியறாங்கன்னு பாக்கணும்'னு சொன்னாங்க. நல்லாப் பாடினது கம்பம் சார். ஸ்டாண்டை ஏத்துன்னு என்னைத் திட்டிட்டு நிமிர்ந்தே நின்னாரு. குனிஞ்சது உங்கப்பா ஒருத்தர்தான். இன்னைக்குக் காலையிலயும் உங்கம்மா வந்து அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க."