பொனட் அண்ணையின் தேங்காயெண்ணெய்

பலெர்மோத் தமிழர்களில் முகத்தைவிட முதுகால் அதிகம் அறியப்பட்டவர் பொனட் அண்ணை ஒருவர்தான். அந்நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் சந்தில் நின்ற பழைய சிவப்புக் காரின் பொனட்டுக்குள் அவருடைய தலை எப்போதும் புதைந்திருக்கும். போகிறவர்கள் முதுகுக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் ஸ்பானரை ஆட்டிப் பதில் சொல்வார்.

மெக்கானிக் என்ற இனத்தையே அவர் நம்பவில்லை. வேறு ஆள் தொட்டால் கார் பிறகு தன் சொல்லைக் கேளாது என்பார். நான் அறிய, அந்தக் கார் யாருடைய சொல்லையும் கேட்டதில்லை.

நான் சொல்வது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள். தொண்ணூற்றாறு என்று சாதிப்பவர்கள் உண்டு; அவர்கள் அப்போது இத்தாலிக்கே வந்திருக்கவில்லை. கண்டறியாத குளிர். மலையுச்சியில் வெள்ளை தெரிந்தது. சந்துக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. அண்ணை, தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா கொடுத்த பெண்களுடைய உரோமக் கோட்டை, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். எதிர்வீட்டுக் கிழவி, ஏதோ மிருகம் காரைத் தின்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அன்று மத்தியானம் அவருடைய மனைவி விமானத்தில் வந்து இறங்குகிறார். ஆறு வருடப் பிரிவு. சொந்தக் காரில் வந்து ஏற்றுவேன் என்று அண்ணை கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். கார் ஸ்டார்ட் ஆனது. அக்சிலேட்டர்தான் மிதித்தாலும் அசையவில்லை. பக்கத்து இருக்கைக்கான வலப்பக்கக் கதவும் திறக்கவில்லை. பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"பஸ்ஸிலை கூட்டியரவோ அவளை ஆறு வருசம் காக்க வைச்சனான்?"

எட்டிப் பார்த்தேன். அக்சிலேட்டர் கேபிளில் மெழுகுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதே வெள்ளையைக் காலையில் என் தலையெண்ணெய்ப் போத்தலில் பார்த்திருந்தேன்.

"அண்ணை, இதுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

"கோடையிலை வாங்கின உடனை தேங்காயெண்ணெய் விட்டனான். பூட்டு, கீல், எல்லாத்துக்கும். ஊரிலை சைக்கிளுக்கு விடுறேல்லையே?"

"ஊரிலை அது உறையாது அண்ணை."

பொனட்டுக்குள் ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு வீடு வீடாகச் சுடுநீர் கேட்டு ஓடினோம். மிருகம் இல்லை என்று தெளிந்த கிழவி, பாஸ்தாவுக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பானையோடு கொண்டுவந்து, உப்பும் சேர்த்து ஊற்றினாள். கேபிள் இளகியது. கதவு இளகவில்லை. அதற்கு நேரமும் இல்லை. வழியில் நின்றால் தள்ளுவதற்கென்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அண்ணை பறந்தார்.

விமான நிலைய வாசலில் அண்ணையின் மனைவி, இனி எங்கள் அக்கா, மெல்லிய சேலையில் நடுங்கிக்கொண்டு நின்றார். அண்ணை கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, சாரத்தோடு குளிரில் நின்றார். அக்கா சாரதிப் பக்கக் கதவால் ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டி உட்கார்ந்து, மடியிலிருந்த பையைத் தட்டினார்.

"ரெண்டு போத்தல் நல்ல தேங்காயெண்ணெய் கொண்டந்தனான். இஞ்சை நல்லது கிடைக்காதெண்டு எழுதினனீங்களெல்லோ."

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தேன்.

"ஓம், ஓம்," என்றார். "காருக்கும் உதவும்."

வீடு வரும்வரை அவர் பக்கத்து இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார். அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். முதுகைவிட எவ்வளவோ அழகான முகம்.