லேப்டாப்பில் பெயர் வெட்டிய விவரம்

லெப்பைக்குடிக்காடு,
ஆகஸ்ட் 2006

அன்பு மச்சான் முகமது அனஸ் அவர்களுக்கு, உங்கள் அக்கா ஹஃபீசாவைக் கட்டிய ஹபிபுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுக்குத்தான் எனக்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது. தம்மாமில் நீங்கள் இரண்டு வகையிலும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போன் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அக்காவுக்கு மீன் பொரியும் சத்தத்திலும் காது நன்றாகக் கேட்கும்.

விஷயம் என் மகள் அஃப்ஷானைப் பற்றியது. சென்னையில் செல்போனுக்கு சாஃப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனி, நம் பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு முன், மாதக் கடைசிக்குள் ஒரு புரோகிராம் செய்து காட்ட வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எப்போது வரும் என்று செல்போனே சொல்வதுபோல ஒன்றை அவள் செய்ய ஆரம்பித்தாள். டிரைவருக்கே தெரியாத சங்கதி அது, இருந்தாலும் பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று, கரண்ட் போனாலும் ஓடும்படி லேப்டாப் வாங்க திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் அதை ஒரு கையிலும் பக்கத்தில் இருந்ததை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தேன். பாத்திரக்கடை வைத்திருப்பவன் வேறு எப்படிப் பார்ப்பான்? அவள் கேட்டது அப்பளம் மாதிரி இருந்தது, விலையோ கூடுதல். "ஏந்தம்பி, கனமா இருக்கறது வெல கம்மி, லேசா இருக்கறது வெல ஜாஸ்தியா? எந்த ஊரு நியாயம் இது?" என்றேன். விற்கிற பையன் ரேம் என்றான், பிராசஸர் என்றான். நான் மூடியை விரலால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அஃப்ஷான் சிரித்துவிட்டு, "சரி அத்தா, கனமானதையே வாங்குங்க. ரேம் மட்டும் கூடப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்றாள். அது மடியில் வைத்தால் தொடையைச் சுட்டது. நம் கடையிலிருந்து ஒரு தாம்பாளம் கொண்டுவந்து கவிழ்த்து, அதன்மேல் வைத்துக் கொடுத்தேன். ராப்பகலாகத் தட்டினாள். பஸ்ஸெல்லாம் திரையில் வரிசையாக வந்தன.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மச்சான், நம் வீட்டில் பெயர் வெட்டாத பொருள் ஒரு கரண்டிகூடக் கிடையாது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது மொட்டையாகக் கிடக்கிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் அஸர் தொழப் போன நேரத்தில், அவளுக்குத் தெரியாமல் செய்து சந்தோஷப்படுத்தலாம் என்று கடையிலிருந்து பெயர் வெட்டும் மெஷினை எடுத்துவந்தேன். கை வைக்கிற இடம் வழவழப்பாக வாகாக இருந்தது. லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது, ஓடினால் நமக்கென்ன என்று டர்ர்ரென்று ஆரம்பித்துவிட்டேன். 'அ' அருமையாக விழுந்தது. ஆய்த எழுத்தில் மூன்றாவது புள்ளியை அழுத்தினேன், உள்ளே ஏதோ கிறீச்சென்றது, திரை முழுக்க நீலமாகிவிட்டது. பெரம்பலூரில் ரிப்பேர் செய்கிற நல்லதம்பி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாய், ஓடிக்கிட்டிருக்கற ஹார்டுடிஸ்க்கு தலைமேலயே மெஷின வச்சிருக்கீங்க. உள்ள இருந்ததெல்லாம் போச்சு" என்றார். புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். லேப்டாப் ஓடுகிறது. பஸ்தான் ஒன்றுகூட இல்லை.

அஃப்ஷான் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்ல அத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கடைக்குப் போகக் கால் வரவில்லை. பூட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால், சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளட்டும் என்பார்கள். உங்கள் அக்கா பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டாள். என் மகளின் வேலை நான் வைத்த புள்ளியால் போய்விடும். ஆகையால் நீங்கள்தான் போன் போட்டு, சென்னைக்கு அனுப்பச் சொல்லி ஹஃபீசாவிடம் பேச வேண்டும். உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். ஆனால் மெஷின் விஷயம் அவளுக்குத் தெரியாது. லேப்டாப் தானாகப் படுத்துவிட்டது என்றே சொல்லிவைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும், வீட்டாருக்கு நீண்ட ஆயுளும் அல்லாஹ் தருவானாக. எல்லோருக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
ஹபிபுல்லா

பி.கு.: போன் போட வேண்டாம். கவரை ஒட்டும்போது ஹஃபீசா வந்து, "கடையத் தொறங்களேன், ஒங்க டீய இனிமே மனுசர் குடிக்க முடியாது" என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு மெஷின் விஷயம் அன்றைக்கே தெரியுமாம். அஃப்ஷான் செய்ததையெல்லாம் அவ்வப்போது பிரவுசிங் சென்டரிலிருந்து தன் மெயிலுக்கே அனுப்பி வைத்திருந்தாளாம், ஒரு பஸ்கூடக் காணாமல் போகவில்லை. கம்பெனிக்கும் காட்டிவிட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவது அரியலூர் பஸ்களாம். அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அத்தா எழுந்து கடைக்குப் போயிடுவாங்கம்மா, இப்பதான் மொத தடவையா எங்கூட உக்காந்திருக்காங்க" என்று பிள்ளை ஹஃபீசாவிடம் சொன்னாளாம். மச்சான், எனக்கு விஷயம் தெரியும் என்று அஃப்ஷானிடம் மட்டும் மூச்சுவிடாதீர்கள். கடையை அடுத்த மாதம் திறந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.