மர்கிலான் மாடியில் மூன்று படிப் பீடம் எழுந்த காதை

மர்கிலான் பட்டுச் சந்தையின் திலகமே, மூன்று தறிகளின் தனிப்பெருந் தலைவனே, பட்ட அவமானத்தைப் பத்திரமாகப் பேணும் மிர்வாகித்தே, வாழி! நின் மாடிக் குளியலறைப் போரைப் பாடப் புகுகிறோம். பாட்டில் நாற்றம் அடித்தால் உலகம் பொறுத்தருள்க.

போரின் மூலம் இது. மகளின் நிச்சயத்துக்குத் தாஷ்கண்டிலிருந்து வந்த சம்பந்தி அஸ்லித்தீன், ஆறடி உயரமும் அதற்கேற்ற மவுனமும் உடையவர், முற்றத்துக் கோடியிலிருந்த பழைய மரக் கழிப்பறையைத் திறந்தார், மூடினார், நேரே பக்கத்து வீட்டு ஹைதரலியின் கழிப்பறைக்குப் போனார். அன்றுமுதல் தேநீர்க்கடையில் ஹைதரலியின் முரசம் ஓயவில்லை: "பொண்ணு குடுத்தது மிர்வாகித்து; ஆனா சம்பந்தி கால் வச்சது எங்க வீட்லதாம்ப்பா!" குருதி கொதித்த நம் வீரன், கல்யாணத்தன்று சம்பந்தி தன் கூரையின்கீழேயே அமர்வார் என்று ரொட்டியின்மேல் கைவைத்துச் சூளுரைத்தான்.

படைத்துணையாக வந்தான், முறுக்குச்சாவி ஏந்திய குழாய் மேஸ்திரி எர்காஷ் உஸ்தா. மாடிக் குளியலறையின் மேற்குச் சுவரோரம் இறங்கிய கழிவுக்குழாயை ஒட்டி, அச்சுவருக்கே முதுகு சாய்த்து, வெண்பீங்கான் இருக்கையை அவன் ஒரே பகலில் நிறுவினான். வெற்றிச் சங்கம் ஊதும் வேளையில் வீரனின் மனைவி முனவ்வர் மாடியேறி வந்தாள்.

"ஏங்க, உங்க ரெண்டு பேருக்கும் புத்தி இருக்கா? தொழுற திசைக்கு முதுகக் காட்டிட்டா சம்பந்தி உக்காரணும்?"

முகமும் ஆகாது, முதுகும் ஆகாது என்பதைச் சிறுவயதிலேயே கற்ற இரு பெருவீரரும் தரையை நோக்கினர். இருக்கையை வடக்குச் சுவருக்கு மாற்றித் தெற்கு நோக்கித் திருப்புவதே வழி. ஆனால் தரைக்கடியில், இலங்கை வாயிலில் அரக்கி மறித்தாற்போல், வீட்டைத் தாங்கும் மரவிட்டம் குறுக்கே கிடந்தது.

"விட்டத்த அறுத்துரலாமா உஸ்தா?"

"தாராளமா அறுக்கலாம்ணே. அப்புறம் சம்பந்தி உக்காந்த வாக்குலயே சமையக்கட்டுக்கு எறங்கிருவாரு."

குழாய் தரைக்குமேலே ஓடியாக வேண்டும். ஓடினால் சரிந்தாக வேண்டும். கழிவுநீர் மேடேறாது என்னும் அண்டசராசரத்தின் ஆணையோ மர்கிலானிலும் செல்லும். மூன்று குவளைத் தேநீர் ஆறும்வரை சிந்தித்த மிர்வாகித், கடல்மேல் பாலம் கண்டவன்போல் எழுந்து முழங்கினான்: "தண்ணியத் தாழ்த்த முடியாதா? அப்போ மனுசன ஒசத்துவோம்!"

எழுந்தது பீடம். குழாயைத் தன் வயிற்றுள் மறைத்து, படிகள் மூன்று பூண்டு, பச்சை ஓடு போர்த்து, உச்சியில் இருக்கையைச் சூடி, பேரரசர் எவர்க்கும் வாய்க்காத பெருமிதத்தோடு நின்றது. வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தனர், கங்கைபோல் பாய்ந்தது. எதிரே தெற்குச் சுவரில், முற்றத்தைப் பார்த்தபடி, ஓர் அகன்ற கண்ணாடிச் சன்னல் இருந்தது. உட்கார்ந்தவன் தலைக்குமேலே நிற்கும் சன்னலுக்குத் திரை எதற்கு என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. பீடம் வந்தபின் அதை எவரும் மறுபடி யோசிக்கவில்லை.

கல்யாண விடியலின் புலாவ் விருந்துக்கு ஊர் ஆண்கள் முற்றத்தை நிறைத்திருந்தனர். சம்பந்தி எழுந்தார். மிர்வாகித் அவரை மாடிப்படியில் ஏற்றிவிட்டுத் திரும்பி, ஹைதரலியை நோக்கி ஒரு பார்வை பார்த்தான். பகைவன் தலையை வாங்கிய வாளும் அப்படி மின்னியதில்லை. ஹைதரலியின் கை புலாவிலேயே நின்றது. பின் அவன் கண்கள் மெல்ல மாடிக்கு உயர்ந்தன, முகம் மலர்ந்தது.

சன்னல் நிறைய, மார்பளவுக்கு, ஊருக்கே காட்சி தந்து கொலுவீற்றிருந்தார் அஸ்லித்தீன்.

மரியாதை தவறாத ஹைதரலி நெஞ்சில் கைவைத்து எழுந்தான். "வாங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சவுக்கியமா?" விருந்தின் தலைமகனை வணங்க முற்றம் முழுவதும் அலைபோல் எழுந்து நெஞ்சில் கைவைத்தது. வளர்ந்த முறை வழுவாத அஸ்லித்தீனும், அமர்ந்தபடியே, நெஞ்சில் கைவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தி கீழே இறங்கி ஹைதரலி வீட்டுக்குப் போனார்.