சாக்கட்டிக் கையெழுத்து

அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தில் பாடப்பிரிவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் எழுதப்போவது நடனமா நிர்வாகமா என்று ஒரு மாதமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. இன்றோடு கெடு முடிகிறது.

"டான்ஸ் ஸ்டூடியோ வைக்கணும்கறே. வை. யாரு வேணாம்னா?" தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அப்பா சொன்னார். "அதுக்கு நிர்வாகம் படி."

"ஆடத் தெரியாதவ ஸ்டூடியோ வெச்சு என்னப்பா பண்றது? கதவைத் திறந்து திறந்து மூடவா?"

"ஆடறதுக்கு ஆள் கிடைக்கும். நடத்தறதுக்குத்தான் ஆள் இல்ல."

"யாரு அந்த ஆளு?"

அப்பாவின் கால் ஒரு நொடி நின்றது. பிறகு தாளம் தப்பாமல் மிதித்தது. "கிடைக்கும்னு சொல்றேன்ல."

ஒரு மாதமாக அப்பாவே ஒரு மாதிரிதான். ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறார். கேட்டால் மூட்டுவலி, டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடந்துவிட்டு வந்து, முன்பைவிட இரண்டு மடங்கு தைலம் தேய்க்கிறார்.

துணியோ தாளோ, முதலில் சாக்கட்டியால் குறி போடாமல் அவருக்குக் கை ஓடாது. கட்டத்தில் நீலச் சாக்கட்டியால் 'நிர்வாகம்' என்று எழுதினார். அதே வேகத்தில், அதே சாக்கட்டியால் கீழே கையெழுத்தும் போட்டார்.

"மேல மையில எழுதிக் குடுத்துடு. நாலு மணிக்கு மூடிடுவாங்க."

தெருமுனை திரும்பியதும் அவள் தாளை உதறி, முழங்கையால் ஒரு தேய் தேய்த்தாள். நிர்வாகம் போயே போச்சு. பேனாவால் 'நடனம்' என்று அழுத்தி எழுதினாள். பிறகுதான் கீழே பார்த்தாள். அப்பாவும் போயிருந்தார்.

பையில் அப்பா கையெழுத்துப் போட்ட கடை ரசீது ஒன்று இருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்து அவர் கையெழுத்தைப் போட்டாள். வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதைச் சரிக்கட்ட வாலைச் சுழித்தாள். ஒரு பக்கம் மட்டும் சுழி எடுப்பாகத் தெரிய, மறுபக்கமும் ஒன்று. கடைசியில் பார்த்தால் அது கையெழுத்தாகவே இல்லை, பூவேலை செய்த காலர் மாதிரி இருந்தது.

கல்லூரிக் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது உங்கப்பா கையெழுத்தாம்மா?"

"ஆமா மேடம்."

"டெய்லர்தானே? கடை இந்த முகவரிதானே?"

"ஆமா."

"அவர் இப்படிப் போட மாட்டாரே."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கப்பா கையெழுத்து எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் அடுக்கிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தை உருவி அருகில் வைத்தார். நல்ல மையில், வாலும் சுழியும் இல்லாமல், அப்பாவின் அசல் கையெழுத்து.

"காலையில என் கண்ணு முன்னாடி போட்டது. நடனத்துக்கு வயசு வரம்பு இல்லன்னதும் மனுஷனுக்கு அப்படியொரு சந்தோஷம். 'ஆடறதுக்கு நான் இருக்கேன், ஸ்டூடியோவை நடத்த எம்பொண்ணு மத்தியானம் வருவா'ன்னாரு."