ஒற்றை விரல்காரனின் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராகாமல் ஓய்வதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை சபதம் எடுத்தேன். அதுவரை கம்ப்யூட்டரைப் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் உதிரிபாகக் கிடங்குக்கு முதலாளி ஒன்று வாங்கியிருந்தார். ஊருக்கே ஒன்றிரண்டுதான் இருந்த காலம். ஆயிரத்து இருநூறு போல்ட், நட்டு, வாஷர் பெயர்களை அதில் ஏற்றித் திங்கட்கிழமை காட்டுகிறவருக்கே புதுப் பதவி என்றார். மற்றவர்கள் மேற்கூரையைப் பார்த்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திறந்தால் உள்ளே வெறும் விசைப்பலகை. கம்ப்யூட்டர் எங்கே என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். விசைப்பலகைக்குள்ளேயேதான் கம்ப்யூட்டர் என்றது விளக்கப் புத்தகம். திரைக்கு வீட்டு டிவி. அடித்ததைப் பதிந்து வைக்கப் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர்.

அதிலும் ஏ-வுக்குப் பக்கத்தில் பி இல்லை. எஸ் உட்கார்ந்திருந்தது. எழுத்துகளைக் கீழே கொட்டி, கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டார்கள் போல. 'ரிட்டர்ன்' என்று ஒரு பொத்தான் வேறு. அழுத்தினால் சரக்கு கடைக்கே திரும்பிப் போய்விடுமோ என்று அதன் பக்கமே போகவில்லை. ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் குத்தியதில் மூன்று போல்ட் ஏறியது. தட்டச்சு என்றாலே எனக்கு அச்சம். எனக்குத் தெரிந்த ஒரே தட்டு வேலை, தட்டு கழுவுவதுதான்.

என் மனைவியோ கல்யாணத்துக்கு முன் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கெஞ்சிக் கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆகவே தந்திரம்.

"விரல் வலிக்கு இதுல அடிச்சா நல்லதாம். டாக்டர் ஒருத்தர் சொன்னார்" என்றேன்.

"எனக்கு விரல் வலியே இல்லையே."

"வராம இருக்கத்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சும்மா அடிச்சா போரடிக்குங்க. எதையாவது பார்த்து அடிக்கணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தற்செயலாகக் கையில் இருந்த நாற்பது பக்கப் பட்டியலை நீட்டினேன்.

உட்கார்ந்தாள். டைப்ரைட்டரில் இருந்த வரிசையை அப்படியே இதற்கும் வைத்திருக்கிறார்கள், பழகின கைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்றாள். அப்புறம் பத்து விரலும் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை மாதிரி இறங்கின. ஞாயிறு மதியத்துக்குள் கடைசி வாஷரும் ஏறிவிட்டது. என்னைப் பாத்திரம் கழுவச் சொல்லிவிட்டு விளக்கப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பாவம், படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் கேசட்டை என் கையில் கொடுத்து, டேப் ஓடி முடிந்ததும் 'ரன்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து அடித்து ரிட்டர்னை அழுத்தினால் போதும் என்றாள்.

திங்கட்கிழமை முதலாளியும் மொத்தக் கிடங்கும் ஆபீஸ் டிவி முன்னால் கூடினார்கள். டேப் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்தது. மூன்றெழுத்தையும் தேடிப் பிடித்து அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரிட்டர்னை அழுத்தினேன்.

ஆங்கில எழுத்தில் திரையில் வந்த வரி இதுதான்: 'இதை அடித்தது இவர் இல்லை, இவர் மனைவி.' அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே. அருவி மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. முதலாளி நிறுத்தச் சொன்னார். இருக்கிற பொத்தான்களில் பாதியைக் குத்தினேன். அது பாட்டுக்கு ஓடியது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இது எப்படி நிக்கும்?"

"எதுங்க?"

"ஓடுதே, அது."

"பட்டியலோட கடைசிப் பக்கத்துல உங்க முதலாளி சுற்றறிக்கையும் சேர்ந்து இருந்துச்சுங்க. புதுப் பதவின்னு போட்டிருந்துச்சு."

குரலைத் தாழ்த்தினேன். "முதலாளி பக்கத்துலயே நிக்கிறார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவர்கிட்டயே குடுங்க."

கொடுத்தேன். முதலாளி காதில் வாங்கியபடி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். அருவி நின்றது. இன்னொன்றை அழுத்தினார். ஆயிரத்து இருநூறும் அகர வரிசையில் அணிவகுத்து வந்தன. பத்து நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தார்.

"பிரிவுக்குத் தலைவர் கிடைச்சாச்சு. நாளைக்கே வர்றாங்க" என்றார். "ஒரு உதவியாள் வேணும்னு கேட்டாங்க. உங்களையே போட்டிருக்கேன்."

மறுநாளிலிருந்து ஆபீஸிலும் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறேன்.