'மீனவர் எவரும் காணப்படவில்லை'

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது. அதைத் தணிக்கும் பெரும் பொறுப்பு, எத்தனையோ நாடுகளின் மாநாடுகளில் அலைந்து களைத்து, கடைசியில் பெரியகல்லாற்று வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தது. வாவியின் மேல் சோலர் தகடுகளை மிதக்கவிட்டு 'பசுமை மின்சாரம்' எடுக்கும் திட்டம். அதன் மக்கள் தொடர்பு அலுவலர் நான். பூமியே என்னை நம்பியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கே என்மேல் மரியாதை வரும்.

நமது சுற்றாடல் சட்டம் இரக்கம் மிகுந்தது. வாவியில் கை வைப்பதற்கு முன் அங்கே தொழில் செய்பவர் யார் என்று ஆராய வேண்டும், அவர்களிடம் கேட்க வேண்டும், பாதிப்பு வந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இந்த ஆராய்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து கலாநிதி ஜெயந்தன் குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்கினார்.

அவர் வந்தது வைகாசிச் சடங்கு நேரம். அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால், சடங்கு முடியும் வரை எங்கள் ஊரில் ஒரு தோணியும் வாவிக்குள் இறங்காது, ஒரு வீட்டிலும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்பவர்தான் அலுவலர். கேட்காததைச் சொன்னால் அதிகப்பிரசங்கி.

கலாநிதி கரையில் நின்று வாவியைத் தொலைநோக்கியால் பார்த்தார். தண்ணீரும் கொக்கும் தெரிந்தன. பிறகு, இறால் பிடித்துப் பிழைக்கும் கோணாமலை அவரைக் கோயில் அன்னதானத்துக்குக் கூட்டிப்போய், தன் கையாலேயே பரிமாறினார்.

"மீன் கறி இல்லையா?" என்று கலாநிதி கேட்டார்.

"சீச்சீ, அந்தக் கதையே இஞ்ச கதைக்கப்படாது ஐயா," என்றார் கோணாமலை, பக்தியோடு.

கலாநிதி அதையும் குறித்துக்கொண்டார். சில மாதங்களில் அறிக்கை வந்தது. "வாவியில் மீனவர் எவரும் காணப்படவில்லை. கரையோர மக்கள் தாவர உணவினர். மீன் என்ற பேச்சையே அவர்கள் வெறுக்கிறார்கள்." கண்ணால் கண்டதையும் வாயால் உண்டதையும் மட்டுமே எழுதும் விஞ்ஞானத்தை என்னவென்று புகழ்வது!

மீனவர் இல்லாததால் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததால் ஆட்சேபனையும் இல்லை. அனுமதி வந்தது, தகடுகள் வந்தன. கோணாமலை இறாலுக்கு வலை வீசும் இடம் முழுவதும் மூடப்பட்டது. சுற்றிவர மிதவைகள் கட்டி 'சுற்றாடல் பாதுகாப்பு வலயம்' என்று பலகையும் நட்டோம்.

கோணாமலையும் மனைவி சீதேவிப்பிள்ளையும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"ஐயா, நான் தொழில் செய்யிற இடம் அது. என்ட வீட்டு உலை அதாலதான் கொதிக்குது."

"அங்கே யாரும் தொழில் செய்யவில்லை என்று அறிக்கை சொல்கிறதே," என்றார், அதற்குள் எங்கள் திட்டத்துக்கே ஆலோசகராகிவிட்ட கலாநிதி.

"நான் ஒரு ஆள் இரிக்கன்தானே? உங்களுக்குச் சோறு போட்டதும் நான்தானே?"

கலாநிதி பக்கங்களைப் புரட்டினார். "உண்மைதான். உங்களைச் 'சமையல் சேவையாளர்' என்று போட்டிருக்கிறோம்."

"சடங்கு நேரம் ஆர் ஐயா வலையத் தொடுவாங்க? இப்ப ஒரு நாளைக்கு வந்து பாருங்க," என்றார் சீதேவிப்பிள்ளை.

"மதிப்பீட்டுக் காலம் முடிந்துவிட்டதம்மா. சட்டத்தை மீற முடியாது."

அவர்கள் திரும்பிப் போனார்கள். அதன்பின் அந்த வீட்டில் ஒரு நேரம்தான் சமையல் என்று கேள்விப்பட்டேன். காபன் புகை குறைவதற்கு அவர்கள் செய்த பங்களிப்பை எந்த அறிக்கையும் குறிப்பிடவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பசி பொறுக்காமல் ஒரு நாள் கோணாமலை தோணியை மிதவைகளுக்கு உள்ளே விட்டார். காவலர்கள் வலையோடு பிடித்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொலிசுக்கு முறைப்பாடு எழுத நான் உட்கார்ந்தேன்.

"தொழில் என்ன போட?" என்று கலாநிதியைக் கேட்டேன்.

"மீனவர் என்று போடுங்கள். அப்போதுதான் குற்றம் நிற்கும்."

கோணாமலை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் மீன்பிடிக்கிற ஆள்தான் என்டு ஒத்துக்கொள்றீங்களா ஐயா?"

"ஓம்."

"அப்ப நட்டஈடு?"

"அது மீனவர்களுக்கு. நீங்கள் இப்போது குற்றவாளி."

பொலிஸ் வண்டி வந்தது. வீட்டில் பசியோடு கிடந்தபோது எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத ஒரு மனிதனை, விலங்கு மாட்டுவதற்கு மட்டும் எங்கள் சட்டம் வெறுங்கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டது.