சேர்த்து சாரின் துகள் மழை

ஒரே ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு விடுதிக்கே மரியாதை செய்துவிட்டதாக நம்பிய மனிதர், மயிலாப்பூர் வரலாற்றிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சேர்த்து சார். பெற்றவர்கள் வைத்த பெயர் விடுதி மேனேஜர் தஸ்தகீர் பாய்க்கு மட்டும் தெரியும்.

குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், மாடிக்கு ஒரு குளியலறைகூட ஒழுங்காக இல்லாத ஆண்கள் விடுதி எங்களுடையது. காலையில் வாளியோடு வரிசையில் நிற்போம். சார் படியிறங்கி வருவார். கண்ணை மூடிக்கொள்வார். விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவார். அது யார் பக்கம் நிற்கிறதோ அவனிடம், "குட் மார்னிங் தம்பி, எல்லாருக்கும் சேர்த்து" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் விரல் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பக்கம் நின்றது. எங்கள் அத்தனை பேருக்குமான வணக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்குக் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

"கண்ணை ஏன் சார் மூடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பிடிச்ச ஆளாப் பார்த்துப் பொறுக்கினா கணக்கு கெட்டுடும்பா" என்றார்.

கணக்கு என்பது அவர் பிழைப்பு. அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. விண்வெளியிலிருந்து ஒரு துகள் வந்து காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும். உடைந்து பலவாகும். அவை மோதி இன்னும் பலவாகும். தரைக்கு வருவதற்குள் கோடிக்கணக்கில் பெருகி மழையாய்க் கொட்டும். எந்த மோதலில் என்ன பிறக்கும் என்று கணித்து, அந்த மழையைக் கணினிக்குள் பெய்ய வைத்துப் பார்ப்பார் சார். எல்லாத் துகளையும் பின்தொடரக் கணினிக்குத் தெம்பு கிடையாது. ஆகவே ஒரு கூட்டத்தில் குருட்டாம்போக்கில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். விட்டவற்றின் கனத்தையெல்லாம் வைத்துக்கொண்டதன் தலையில் ஏற்றிவிடுவார்கள். இதை அவர் ஆபீசோடு விட்டிருக்கலாம். மனுஷன் குளியலறை வரிசை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வங்கித் தேர்வு முடிவு வந்த அன்று, எழுதியவர்களில் செந்திலைத் தவிர நாங்கள் அத்தனை பேரும் ஊத்திக்கொண்டோம். சார் கண்ணை மூடி விரலை நீட்டினார். விரல் போய் நின்றது பாஸான செந்தில் மேல். அவனை உட்காரவைத்து, தோளில் கைபோட்டு, "மனசைத் தளர விடாதே, எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்று அவர் தேற்றிய தேற்றில் அவன் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துத் தேர்வு முடிவில் தன் நம்பர் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தான். தோற்ற நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு எங்களைத் தேற்றியது அந்தச் சிரிப்புதான்.

போன மழைக்காலத்தில் சாருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் ஒரு பெரிய கணினியை வாங்கி அறையில் வைத்தார். அது ராப்பகலாக இரைந்தது.

"இன்னா சார், ரூமுக்குள்ள மாவு மில்லு வெச்சிக்கினு கீறீங்களா?" என்று வந்து நின்றார் பாய்.

"ஒரு சின்ன மழை பாய். பெரிசுன்னா என் ஆயுசு போதாது. இதுல ஒண்ணைக்கூட விடாம, கடைசித் துகள் தரைக்கு வர்ற வரைக்கும் பின்தொடரப் போறேன்."

"அப்படிப் பண்ணா விடை மாறுமா சார்?" என்றேன் நான்.

"மாறாது. சராசரி அதேதான் வரும், எல்லாருக்கும் தெரியும்." திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா விட்டுட்டே வந்துட்டேன்பா. ஒருதடவையாவது யாரையும் விடாமப் பார்த்துட்டுப் போகணும்னு இருக்கு."

நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாய் விடுதியின் இன்வெர்ட்டரை அந்த அறைக்கு மட்டும் திருப்பிவிட்டார். கரண்ட் போகும்போதெல்லாம் நாங்கள் கொசுக்கடியில் புரண்டு, சாரை வாய்க்கு வந்தபடி திட்டினோம். பிளக்கைப் பிடுங்க மட்டும் ஒருத்தனுக்கும் கை வரவில்லை.

அதோடு விரல் சுற்றுவதும் நின்றுபோனது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்து, வரிசையில் ஒவ்வொருவனாக நின்று விசாரிக்க ஆரம்பித்தார். "செந்தில், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா?" என்பார். என் முறை வந்தபோது, "போன வாரம் பத்திரிகையில நீ எழுதின பத்தி நல்லாவே இல்லப்பா" என்றார். எல்லாருக்கும் ஆபீஸுக்கு நேரமாகும். யாரும் வாளியை நகர்த்தவில்லை. அந்தப் பழைய விரலே தேவலை என்றிருந்தது எனக்கு. இப்படி விசாரித்தால் மனுஷனை எப்படி வழியனுப்புவது?

பொங்கலுக்கு விடுதி காலியானது. எழுதி முடிக்காத ஒரு கட்டுரையால் நான் மட்டும் தங்கிவிட்டேன். போகி அன்று தெருவெல்லாம் புகை. காபி கொண்டுபோன பாய் என்னைக் கூப்பிட்டார். சார் நாற்காலியிலேயே போயிருந்தார். கணினி இரைந்துகொண்டிருந்தது.

பையன்களுக்குப் போன் போட்டேன். திரும்பி வர எந்த பஸ்ஸிலும் இடமில்லை. கூட வேலை செய்தவர்களும் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார்கள். கரூரிலிருந்து தங்கை கணவரோடு கார் பிடித்து வந்தார். சுடுகாட்டில் அவர்களைத் தவிர பாயும் நானும்தான். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அண்ணனுக்கு இவ்வளவு பேர்தானா சார்?"

"எல்லாருக்கும் சேர்த்து வந்திருக்கோம்மா" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அறைக்குத் திரும்பித் துணிமணிகளை எடுத்து வைத்த தங்கை, இரைச்சல் தாங்காமல் பிளக்கிடம் போனார். பாய் குறுக்கே போய் நின்றார்.

"கை வெக்காதம்மா. இன்னும் எல்லாம் தரைக்கு வந்து சேரல."

காணும் பொங்கல் கழிந்து பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தோள் பையை இறக்காமல் நேரே மாடியேறி, அந்த அறை வாசலில் நின்றுவிட்டுத்தான் தங்கள் அறைக்குப் போனார்கள். மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. தினமும் காலையில் பாய் அந்தக் கதவைத் திறந்து, கணினி சூடேறாமல் இருக்க ஃபேனைப் போட்டுவிட்டு, "குட் மார்னிங் சார்" என்கிறார். எல்லாருக்கும் சேர்த்து இல்லை, அவர் ஒருத்தருக்கு மட்டும்.